ஃபோர்க்: தமிழில் கவை

கட்டற்ற மென்பொருள் பற்றி நாலு பேர் பேசினால் ஃபோர்க் என்ற சொல் வராமல் இருக்காது. 2024 மார்ச்சில் ரெடிஸ் தரவுத்தளம் தன் உரிமத்தை மாற்றியபோது, சேலம் அஞ்சு ரோடு பக்கத்து டீக்கடையில் வேலை முடிந்து வந்து நின்ற பையன்களிடமும் இதே பேச்சுதான். "ரெடிஸை ஃபோர்க் பண்ணிட்டாங்களாம், வால்கீன்னு பேரு வெச்சிருக்காங்க." கூட இருந்த கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டார்: "ஃபோர்க்குன்னா காப்பி எடுக்கறதுதானுங்ண்ணா?"

காப்பி எடுப்பது அதில் முதல் வேலை மட்டுமே. ஒரு மென்பொருளின் மூலநிரலை ஏதோ ஒரு நாளில் உள்ளது உள்ளபடி எடுத்து, வேறு ஆட்கள், வேறு பெயரில், தங்கள் போக்கில் வளர்க்கத் தொடங்கினால் அது ஃபோர்க். அந்த நாள் வரைக்கும் இரண்டுக்கும் ஒரே வரலாறு. அப்புறம் இது வேறு, அது வேறு. ரெடிஸ் மார்ச் 20 அன்று யாரும் எடுத்து மாற்றிப் பயன்படுத்தலாம் என்ற தன் பழைய பி.எஸ்.டி. உரிமத்தைக் கைவிட்டது, மார்ச் 28 அன்று லினக்ஸ் ஃபவுண்டேஷன் வால்கீயை அறிவித்தது. ரெடிஸ் 7.2.4 பதிப்பிலிருந்துதான் வால்கீ பிரிந்தது. எட்டே நாளில் இப்படிச் செய்ய முடிந்ததற்குக் காரணம், ஏற்கெனவே திறந்த உரிமத்தில் வெளியான நிரலை யாரும் திரும்பப் பிடுங்க முடியாது என்பதுதான். புதிய பதிப்புக்கு என்ன நிபந்தனை வேண்டுமானாலும் போடலாம், பழையது ஊர்ச்சொத்து. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் க்னூ திட்டத்தை அறிவித்த காலம் தொட்டு கட்டற்ற மென்பொருள் இயக்கம் கேட்டு வருவது நிரலைப் படிக்கவும், மாற்றவும், மாற்றியதைப் பிறருக்குக் கொடுக்கவும் உள்ள உரிமையை. இந்த மூன்றும் சேர்ந்தால் ஃபோர்க் தானாகவே வந்துவிடுகிறது. தனியாக யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் நிரலோடு வராது: பெயர். நிரல் உரிமம் வேறு, வணிகச் சின்னம் வேறு. அதனால்தான் பிரிந்துபோனவை பெரும்பாலும் புதுப் பெயரோடு நிற்கின்றன. மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்தில் இருந்து 2009இல் மரியாடிபி பிரிந்தது. இரண்டையும் தொடங்கியவர்களில் ஒருவரான மைக்கேல் விடேனியஸ் முன்னதற்கு மூத்த மகள் பெயரையும் பின்னதற்கு இளைய மகள் பெயரையும் வைத்தார். 2023 ஆகஸ்டில், சர்வர்களை அமைக்க உதவும் டெராஃபார்மின் உரிமம் மாறியது, அதிலிருந்து ஓப்பன்டோஃபு பிறந்தது. கடிதமும் கணக்கும் தயாரிக்கப் பயன்படும் லிப்ரேஆஃபீஸும் அப்படிப் பிரிந்ததே. 2010 ஜனவரியில் சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியது. அதோடு ஓப்பன்ஆஃபீஸும் ஆரக்கிள் கைக்குப் போனது. அதை வளர்த்துவந்தவர்களில் பலர் அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்று தனி அமைப்பு கண்டு, லிப்ரேஆஃபீஸ் என்ற பெயரில் நிரலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். இன்று சுறுசுறுப்பாக வளர்வது லிப்ரேஆஃபீஸ்தான். ஓப்பன்ஆஃபீஸ் அப்பாச்சி என்ற மென்பொருள் அமைப்பிடம் பெயரளவுக்கு இருக்கிறது.

உங்கள் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் குரோம் இருக்கிறதா? இணையப் பக்கத்தைத் திரையில் வரைந்து காட்ட அதன் உள்ளே இருக்கும் பிளிங்க் என்ற எந்திரம் 2013இல் வெப்கிட்டிலிருந்து பிரிந்தது. வெப்கிட்டோ, கேடிஇ என்ற லினக்ஸ் திட்டத்தின் கேஎச்டிஎம்எல்லை எடுத்து ஆப்பிள் வளர்த்தது. பிரிந்ததிலிருந்து பிரிந்தது.

நிரல்களை இணையத்தில் வைத்துப் பகிரும் கிட்ஹப் தளம் வந்தபிறகு இந்தச் சொல்லின் கனம் குறைந்துவிட்டது. அங்கே யாருடைய களஞ்சியத்தை, அதாவது ஒரு திட்டத்தின் நிரல் முழுவதும் இருக்கும் இடத்தை, திறந்தாலும் வலப்பக்கம் மேலே ஃபோர்க் என்ற பொத்தான் இருக்கும். அழுத்தினால் சில நொடியில் அதே களஞ்சியம் உங்கள் கணக்கில் வந்து உட்காரும். பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில், இது எங்கிருந்து பிரிந்தது என்று ஒரு வரி. பெரும்பாலோர் அதில் ஒரு பிழையைத் திருத்திவிட்டு, திருத்தத்தை ஏற்கச் சொல்லி மூலத் திட்டத்துக்கே புல் ரிக்வெஸ்ட் அனுப்புவார்கள். இது பிரிந்துபோவதற்கு அல்ல, திரும்பி வந்து சேர்வதற்காகப் பிரிவது. முன்பெல்லாம் ஒரு திட்டம் ஃபோர்க் ஆனது என்றால் உள்ளே பெரிய சண்டை என்று அர்த்தம். இப்போது முதலாமாண்டு மாணவி லேபில் உட்கார்ந்து பத்து ஃபோர்க் போடுகிறார். நல்லதுதான். உரிமை என்பது எல்லோர் கைக்கும் எட்டுவதாக இருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஒரு ஃபோர்க் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல் தன்னைப் போலவே இன்னொன்றை உண்டாக்கிக்கொள்ளும் அழைப்பு அது. சி மொழியில் ஃபோர்க் அழைப்பை எழுதி, அடுத்த வரியில் 'வணக்கம்' என்று அச்சிடச் சொல்லுங்கள். திரையில் இரண்டு வணக்கம் வரும். ஒன்று தாய்ச் செயல் (ஓடும் நிரலுக்குச் செயல் என்று பெயர்) சொன்னது, மற்றது சேய்ச் செயல் சொன்னது. தான் யார் என்று அவை தெரிந்துகொள்வது அழைப்பு தரும் விடையை வைத்து: சேய்க்குக் கிடைப்பது 0, தாய்க்குக் கிடைப்பது சேயின் எண். சேலத்துப் பொறியியல் கல்லூரிகளில் ஆப்பரேட்டிங் சிஸ்டம் லேபில் இதைச் செய்யாமல் யாரும் தேறி வந்திருக்க மாட்டார்கள். இணையாக ஓடும் வேலைகளுக்கு இந்தச் சொல்லை மெல்வின் கான்வே 1963இலேயே எழுதிவிட்டார்.

ஆங்கிலத்துக்கு ஃபோர்க் வந்தது லத்தீனின் 'ஃபுர்கா'விலிருந்து. இரண்டு பல் உள்ள, வைக்கோல் அள்ளும் கோல் அது. பிறகு மரம் பிரிவதற்கும் ஆறு, சாலை பிரிவதற்கும் அந்தப் பெயர் போனது. சாப்பாட்டு மேசைக்கு வந்தது ரொம்பப் பிந்தி. இயந்திர மொழிபெயர்ப்பு சில நேரம் மென்பொருள் ஃபோர்க்கை 'முள்கரண்டி' என்று போடுகிறது. அந்தப் பிந்திய பொருளைப் பிடித்துக்கொண்டதால் வரும் வினை.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'நகல்' போதாது என்று பார்த்தோம். நகல் எடுத்த தாள் வளராது. 'பிளவு' என்றால் சண்டையும் சேதமும் சேர்ந்தே ஒலிக்கிறது. கட்சி பிளந்தது என்கிற மாதிரி. அமைதியாகப் பிரிந்தவற்றுக்கு அது பொருந்தாது. பலர் எழுதுவது 'கிளை'. ஆனால் கிளை என்பது ஏற்கெனவே பிராஞ்ச் என்ற வேறு கலைச்சொல்லுக்குப் போய்விட்டது, போனதும் சரிதான். கிளை, மரத்துக்குக் கட்டுப்பட்டது. ஒரே களஞ்சியத்துக்குள் ஒரே குழுவின் கீழ் நடக்கும் தனி வேலை அது. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் கற்பவர்கள் குழம்பிப்போவார்கள்.

நான் சொல்லும் சொல் கவை. ஏற்காட்டுத் தோட்டத்தில் ஒரு பலா மரம் இடுப்புயரத்தில் இரண்டாகப் பிரிந்து, இரண்டும் ஒரே பருமனில் மேலே போவதைப் பாருங்கள். இதில் எது தண்டு, எது கிளை என்று யாராலும் சொல்ல முடியாது. கீழே வேர் ஒன்று, மேலே இரண்டும் சமம். அந்தப் பிரிவுதான் கவை. ஓப்பன்ஆஃபீஸா லிப்ரேஆஃபீஸா, எது உண்மையான வாரிசு என்ற கேள்விக்கு உரிமம் சொல்லும் பதிலும் இதே: நிரலின் மேல் இரண்டுக்கும் ஒரே உரிமை. 'கிளை' என்று சொன்ன உடனே ஒன்றை மேலாகவும் மற்றதைக் கீழாகவும் வைத்துவிடுகிறோம். கவை அப்படிச் செய்வதில்லை. இந்தச் சொல்லின் மேல் எனக்கு இவ்வளவு பிடிப்பு வந்ததற்கு இதுதான் காரணம்.

புதிதாகச் செய்த சொல்லும் அல்ல. கொய்யாக் கிளையில் வெட்டி ரப்பர் கட்டி மாங்காய் அடிக்கும் கவட்டை இதன் உறவு. புறநானூற்றில் வரகுக்கு அடை 'கவைக்கதிர்'. வரகுக் கதிரைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உச்சி இரண்டு மூன்றாகப் பிரிந்து நிற்கும். முல்லைப்பாட்டில் பாசறை யானையைப் பழக்கும் இளைஞர்கள் கையில் இருப்பது 'கவைமுட் கருவி', அதாவது நுனி பிரிந்த முட்கோல். லத்தீனில் வைக்கோல் கோல், தமிழில் யானைக்கோல். இரண்டு மொழியிலும் சொல் ஒரு பல் பிரிந்த கோலோடுதான் ஒட்டியிருக்கிறது.

வழி பிரிவதற்கும் இதே குடும்பம்தான். பாலைநிலப் பாடல்களில் பிரிவழிக்குக் 'கவலை' என்று பெயர். மலையாளத்தில் இன்றும் சாலைச் சந்திப்பு 'கவல'. சேலத்தில் நெசவுத் தெருக்களில் கன்னடம் பேசுகிறவர்களைக் கேளுங்கள், பிரியும் வழியைக் 'கவலுதாரி' என்பார்கள். நாம் மட்டும் அஞ்சு ரோடு, நாலு ரோடு, மூணு ரோடு என்று எண்ணிப் பெயர் வைத்துக்கொண்டோம். 'கவலை'யை மீட்டுக் கொண்டுவரலாம் என்று தோன்றும். ஆனால் இன்று அதைக் கேட்டால் மனக்கவலைதான் நினைவுக்கு வரும், கொங்குப் பக்கத்துப் பெரியவர்களுக்கு மாடு கட்டி நீர் இறைக்கும் கவலை. வேண்டாம்.

வினைச்சொல்லும் பழைய நூலில் இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் கோவலனுக்கு மதுரை வழி சொல்லும் மாங்காட்டு மறையோன், சிவன் கைச் சூலம் போல வழி மூன்றாகப் பிரிவதை 'அருநெறி கவர்க்கும்' என்கிறான். ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் 'ரெடிஸைக் கவர்த்தார்கள்' என்று எழுதினால் இன்றைய வாசகர் 'கவர்ந்தார்கள்' என்று படிப்பார், பறித்துக்கொண்டு போனதாக அர்த்தமாகிவிடும். ஃபோர்க் செய்தவர்களின் மேல் எப்போதும் விழும் பொய்ப் பழியே அதுதான். அதற்கு நம் சொல்லே துணைபோகக் கூடாது. 'கவை பிரிந்தது', 'கவை பிரித்தார்கள்' என்று இரண்டு சொல்லாக எழுதினால் தெளிவு.

பிரிந்தது மறுபடி கூடுவதும் உண்டு. ஜிசிசி நிரல்மொழிமாற்றியிலிருந்து 1997இல் ஈஜிசிஎஸ் என்று ஒரு கவை பிரிந்தது. வேலை அங்கேதான் வேகமாக நடந்தது. 1999இல் அந்தக் கவையையே அதிகாரபூர்வ ஜிசிசியாக ஏற்றுக்கொண்டார்கள். ஜாவாஸ்கிரிப்ட் நிரலை ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸிலிருந்து 2014 இறுதியில் பிரிந்த ஐஓ.ஜேஎஸ் அடுத்த ஆண்டே திரும்பச் சேர்ந்துவிட்டது. 'கவை கூடியது' என்று எழுதலாம்.

பரிமாற்றப் பதிவுகளைச் சங்கிலியாகக் கோத்து வைக்கும் பிளாக்செயின்காரர்கள், விதியை மாற்றிச் சங்கிலி பிரிவதை ஹார்ட் ஃபோர்க் என்பார்கள்; அதற்கு 'வன்கவை' பொருந்தும். 2016 ஜூலையில் எதீரியம் என்ற பிளாக்செயினில் நடந்தது அது. அங்கே பழைய சங்கிலியைத் தொடர்ந்தவர்கள்தான் எதீரியம் கிளாசிக் என்று பெயரை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. விதி மாற்றிப் பிரிந்த பெரும்பான்மை எதீரியம் என்ற பெயரை வைத்துக்கொண்டது. யூனிக்ஸ் அழைப்பை மட்டும் நிரலுக்குள் தமிழாக்க முடியாது, அங்கே ஃபோர்க் ஃபோர்க்காகவே இருக்கட்டும். பாடம் எழுதும்போது 'செயல் கவை பிரிகிறது, தாயும் சேயும் அடுத்த வரியிலிருந்து தனித்தனியே ஓடுகின்றன' என்று எழுதினால் மாணவர்களுக்குப் புரியும்.