ஓணான் முட்டை கோழி முட்டை இல்லை

போன வாரம் பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு குடும்பமே என் விலங்கு கிளினிக்குக்கு வந்திருந்தது. அப்பா கையில் பழைய மீன் தொட்டி, பாட்டி கையில் எக்ஸ்டென்ஷன் வயர், பையனுக்கு அழுது முகம் வீங்கியிருந்தது. தொட்டிக்குள் பஞ்சு மெத்தை, அதன்மேல் 14 முட்டைகள், மேலே தொங்கவிட 60 வாட் குண்டு பல்பு. ஒரு மூலையில் மூக்கு நுனி தேய்ந்து சிவந்துபோன ஓணான். ஜூன் பிறந்ததிலிருந்து இது மூன்றாவது கேஸ். மூன்றிலும் அதே பஞ்சு, அதே பல்பு.

"தினமும் மூணு தடவை திருப்பி வைக்கிறோம் டாக்டர். போன்ல அலாரமே வெச்சிருக்கேன்" என்றார் அப்பா, பாராட்டை எதிர்பார்த்து.

முட்டைகளில் ஒன்பது, உலர்ந்த திராட்சை மாதிரி சுருங்கிக் கிடந்தன. என்ன சொல்வது? மனசார உழைத்துக் கொன்றிருக்கிறார்கள்.

முட்டை என்றதும் நமக்கு ஞாபகம் வருவது கோழிதான். தொல்லையே அங்கேதான் ஆரம்பிக்கிறது. கோழி அடைகாக்கும், சூடு கொடுக்கும், மூக்கால் முட்டையைப் புரட்டும். புரட்டாவிட்டால் உள்ளே கரு ஓட்டோடு ஒட்டிக்கொண்டு கெட்டுப்போகும். ஓணான் முட்டையில் கதை நேர் எதிர். பறவை முட்டைக்குள் மஞ்சள் கருவைத் தாங்கிப் பிடிக்கும் முறுக்கு நாண்கள் இதில் கிடையாது. இட்ட கொஞ்ச நேரத்திலேயே கரு மேல்பக்கமாக வந்து ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டுவதுதான் இதற்கு வாழ்வு. அதைத் தலைகீழாகப் புரட்டினால் மெல்லிய சவ்வுகள் கிழியலாம், மஞ்சள் கருவின் பாரம் கருவை அமுக்கலாம். எந்தப் பக்கம் மேலே இருந்ததோ, பொரியும்வரை அந்தப் பக்கமே மேலே இருக்க வேண்டும். அலாரம் வைத்துப் புரட்டுவது அலாரம் வைத்துக் கொல்வதுதான்.

அடுத்தது சூடு. கோழி இன்குபேட்டர் 37.5 டிகிரியில் ஓடும். ஓணான் முட்டைக்கு 25 முதல் 30 டிகிரி போதும். பெங்களூரு ஜூன் மாதத்தில் உங்கள் வீட்டு அறையே கிட்டத்தட்ட அந்த இன்குபேட்டர்தான். ராத்திரி கொஞ்சம் குளிர்ந்தால் பொரிவது சில நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான். பல்பு வேண்டாம், ஃப்ரிட்ஜ் உச்சி வேண்டாம், மொட்டை மாடி வெயிலும் வேண்டாம். இந்த முட்டையின் ஓடு தோல் மாதிரி மெத்தென்று இருக்கும். மண்ணிலிருந்து ஈரத்தை இழுத்து நாளாக ஆக உப்பும். வறட்டுப் பஞ்சில் வைத்துப் பல்பு போட்டால் இருக்கிற ஈரமும் போய்விடும்.

பாட்டிதான் கடைசிவரை சமாதானமாகவில்லை. "தாய் உக்காராம குஞ்சு எப்படி பொரியும் டாக்டரம்மா? அதான் அம்மாவையும் கூடவே வெச்சோம்." பாட்டி, ஓணான் தாய் மழை நனைத்த மண்ணில் குழி பறிக்கும், முட்டையிடும், மண்ணை மூடி மூக்காலேயே தட்டிச் சமப்படுத்திவிட்டுப் போய்விடும். திரும்பிக்கூடப் பார்க்காது. குழியில் இருப்பது தன் முட்டை என்ற நினைப்பே அதற்கு இருக்காது. அதை மூடிய தொட்டியில் வைத்துப் பால்சாதம் ஊட்டுவது தாய்ப்பாசத்துக்குச் செய்யும் மரியாதை இல்லை. (ஆமாம், பால்சாதம். பூச்சி தின்கிற பிராணிக்கு.)

பையனிடம் தனியாகக் கேட்டேன். முட்டை இடுவதற்கு முன்பு இரண்டு நாள் அது மூலையையே பிறாண்டிக்கொண்டிருந்ததாம். "தப்பிச்சுப் போகப் பாக்குதுன்னு நெனச்சேன் ஆன்ட்டி." கண்ணாடியில் குழி பறிக்கப் பார்த்திருக்கிறது. நகங்கள் முனை மழுங்கி, ஒன்றில் ரத்தம் உறைந்திருந்தது. இடம் கிடைக்காத பெண் ஓணான் முட்டையை வெளியே விடாமல் அடக்கிக்கொள்ளும். பிடித்து அடைத்த ஓணான்களில் இதைத் தார்வாட் கர்நாடகப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதியே வைத்திருக்கிறார்கள். அடக்கிய முட்டை உள்ளேயே சிக்கிக்கொண்டால் தாய்க்கே ஆபத்து. இது வேறு வழியில்லாமல் கண்ணாடி மேலேயே போட்டிருக்கிறது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட பழமொழியில் நாம் பாவப்படுவது மனுஷனுக்காகத்தான். ஓணான் பக்கத்துக் கதையை யாரும் கேட்பதில்லை.

"ஆணே இல்லாம எப்படி முட்டை?" என்று மூன்று கேஸிலும் கேட்டார்கள். பிடிபடும் முன்பே இணைந்திருக்கும், அவ்வளவுதான். பெண் ஓணான் விந்தைக் கொஞ்ச காலம் உடம்பில் சேமித்தும் வைத்துக்கொள்ளும். கருவுறாத முட்டையும் இடும். அது நாளாக ஆக மஞ்சளடித்து அமுங்கிப்போகும். இருட்டில் போன் டார்ச்சைப் பக்கத்தில் காட்டுங்கள், முட்டையைக் கையில் எடுக்காமல். உள்ளே சிவப்பு நரம்பு தெரிந்தால் உயிர் இருக்கிறது.

சரி, உங்கள் வீட்டில் நடந்துவிட்டது. தாயைத் தண்ணீர் தெளித்துக் குடிக்கவிட்டு, அன்றைக்கே வெயில் இருக்கும்போது, பிடித்த அதே வேலியில் விடுங்கள். கப்பன் பார்க், லால்பாக் என்று ஊர்வலம் வேண்டாம், அதற்குத் தெரிந்த இடம் உங்கள் தெருதான். சோர்ந்து கிடந்தாலோ, வயிறு இன்னும் முண்டுமுண்டாக இருந்தாலோ விடாதீர்கள், மருத்துவரிடம் கொண்டு வாருங்கள்.

முட்டைகளைத் தொடும் முன் மேல்பக்கத்தில் பென்சிலால் லேசாக ஒரு புள்ளி. ஸ்கெட்ச் பேனா கூடாது. மூடியுள்ள டப்பாவில் மணல் கலந்த செம்மண் போடுங்கள். பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், பிழிந்தால் சொட்டக்கூடாது. புள்ளி மேலே தெரிய முட்டையைப் பாதி புதையுங்கள். மூடியில் நாலைந்து சின்ன ஓட்டை. முட்டையில் குழி விழுந்தால் மண்ணுக்குத் தண்ணீர் தெளியுங்கள், முட்டை மேல் ஊற்றாதீர்கள். பூஞ்சை பிடித்ததைத் தனியாக எடுத்துவிடுங்கள். டப்பாவைத் தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவில் வையுங்கள். பல்புக்கு அடுத்தபடி நான் பார்த்த பெரிய எமன் எறும்புதான். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், சால்மோனெல்லா கிருமி விளையாட்டில்லை.

துளசி மாடத்திலோ பூந்தொட்டியிலோ இட்டிருந்தால் தோண்டவே தோண்டாதீர்கள். வழக்கம்போல் அளவாகத் தண்ணீர் விடுங்கள், போதும். சுவரிலோ ஜன்னல் இடுக்கிலோ ஒட்டிய இரண்டு கெட்டி முட்டை பல்லியுடையது, பெயர்த்தால் உடையும். பிடித்தது பச்சோந்தியோ உடும்போ என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கில்லை. 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கிறது, வனத்துறையைக் கூப்பிடுங்கள்.

பொரிய ஆறிலிருந்து ஒன்பது வாரம் ஆகலாம். ஓடு கீறித் தலை தெரிந்த பிறகும் குஞ்சு மணிக்கணக்கில் உள்ளேயே இருக்கும், மிச்ச மஞ்சள் கருவை உறிஞ்சிக்கொண்டு. தயவுசெய்து இழுத்து உதவாதீர்கள். வெளியே வந்ததும் செடி அடர்ந்த இடத்தில் விட்டுவிடுங்கள், சிற்றெறும்பு தின்னப் பிறந்த அன்றே அதற்குத் தெரியும்.

அல்சூர் ஓணானை மறுநாள் காலையே பையன் அவன் தெரு வேலியில் விட்டான். மிஞ்சிய ஐந்து முட்டையும் இப்போது என் ஸ்டோர் ரூமில், பழைய ஐஸ்கிரீம் டப்பாவில். "ஓதிக்யாதவுக்கு (ஓணானுக்கு) ஒரு வார்டா மேடம்?" என்று கம்பவுண்டர் கன்னடத்தில் சிரிக்கிறார். பையன் சனிக்கிழமைதோறும் வருகிறான். தொடக்கூடாது என்று சொன்னதால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, மூடி வழியாகவே எண்ணிப் பார்த்துவிட்டுப் போகிறான்.