மலைக்கு மேலே ஏரி எப்படித் தங்கியது?

இமயம், ஆல்ப்ஸ் போன்ற பனிமலைகளில் குழந்தைகளோடு நடக்க ஓடையை ஒட்டிய பாதையைவிட நல்லது இல்லை. ஏற்றம் மெதுவாக இருக்கும், கால் வலித்தால் உட்காரப் பாறை இருக்கும், பார்க்கவும் கேட்கவும் ஏதாவது இருந்துகொண்டே இருக்கும். நடுவழியில் பெரும்பாலும் ஒரு தட்டையான புல்வெளி வரும். அங்கே ஓடை அவசரமில்லாமல் வளைந்து வளைந்து போகும். அந்தப் புல்வெளியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் மரங்கள் குட்டையாகும், கடைசியில் ஒரு செங்குத்தான ஏற்றம், அதைத் தாண்டியதும் கண்ணெதிரே ஏரி.

அங்கே நின்று எந்தக் குழந்தையும் கேட்கும்: தண்ணீர் கீழேதானே ஓடும், இவ்வளவு உயரத்தில் எப்படி நிற்கிறது? அருமையான கேள்வி. விடை நடந்து வந்த வழியிலேயே கிடக்கிறது.

முதலில் பள்ளத்தாக்கின் வடிவத்தைப் பாருங்கள். ஆறு மட்டும் அறுத்த பள்ளத்தாக்கு அடியில் குறுகி, கூம்பிப் போயிருக்கும். இதுவோ 'ப' எழுத்தைப் போல அடி அகன்றும் பக்கங்கள் செங்குத்தாகவும் இருக்கும். இந்த அகலமான அடித்தளத்தில் நடப்பதால்தான் ஏற்றம் நமக்கு உறைப்பதில்லை. இதைச் செதுக்கியது பனியாறு, அதாவது சரிவில் மெல்ல நகரும் பெரிய பனிக்கட்டித் திரள்.

கோடையிலும் கரையாத பனி ஆண்டுக்காண்டு சேர்ந்து, தன் எடையாலேயே அழுந்தி, கெட்டியான பனிக்கட்டியாகிறது. பல பத்து மீட்டர் தடிமன் ஆனதும் அது சரிவில் நகரத் தொடங்கும். வெறும் பனிக்கட்டிக்குப் பாறையை அறுக்கும் கடினம் கிடையாது. அடியில் சிக்கிய கற்களும் மணலும்தான் அந்த வேலையைச் செய்கின்றன. உப்புத்தாளில் தேய்ப்பது தாளா, அதில் ஒட்டிய துகளா? அதே கதைதான் இங்கும். பாதையோரப் பாறைகளில் ஒரே திசையில் ஓடும் நீண்ட கீறல்கள் தென்பட்டால், பனி நகர்ந்த திசையை அவை காட்டுகின்றன.

ஏரியின் பள்ளம் பனியாற்றின் தலைப்பகுதியில் உருவாகிறது. அங்கே பின்பக்கத்துச் சுவரோரம் பனி சேர்ந்துகொண்டே இருக்க, முன்பக்கம் உருகிக் குறைகிறது. அதனால் பனித்திரள் நேராக வழுக்காமல், ஒரு கிண்ணத்துக்குள் சுழல்வதுபோலப் பின்னால் இறங்கி முன்னால் ஏறுகிறது. நடுவே ஆழமாகத் தோண்டுகிறது. விளிம்பில் பனி மெலிவதால் தோண்டல் குறைகிறது, அங்கே பாறை மேடாகவே நின்றுவிடுகிறது. பனி சுமந்து வந்த கல்லும் மண்ணும் சில இடங்களில் அந்த மேட்டின்மேல் குவிந்து அதை இன்னும் உயர்த்தும். இந்தக் குவியலுக்கு மொரைன் என்று பெயர். கடைசியில் மூச்சு வாங்க ஏறினோமே, அது அந்தக் கிண்ணத்தின் விளிம்பு. பனி உருகிப் போனதும் கிண்ணத்தில் நீர் நிறைந்தது, விளிம்பின் தாழ்ந்த இடத்தில் வழிந்தது. அந்த வழிசல்தான் நம்மோடு கூடவே வந்த ஓடை.

இதை முதலில் கண்டுகொண்டவர்களில் மலையிலேயே வாழ்ந்தவர்கள் இருந்தார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. சுவிட்சர்லாந்தின் மலையாட்டு வேட்டைக்காரர் ழான்-பியர் பெரோதான் (Perraudin) என்பவர், தன் ஊர்ப் பள்ளத்தாக்கு முழுவதும் ஒருகாலத்தில் பனியாறு இருந்தது என்று 1815இல் சொன்னபோது, கேட்ட நிலவியலாளர் ஷார்பான்டியே நம்பவில்லை. பிறகு பல ஆண்டுகள் ஆராய்ந்து அவரும் அதே முடிவுக்கு வந்தார். சுவிட்சர்லாந்து அறிவியலாளர் லூயி அகாசி 1837இல், ஒருகாலத்தில் பனி பெரும்பரப்பை மூடியிருந்தது என்ற பனியுகக் கருத்தை அறிவியலாளர்கள் முன் வைத்தார்.

சரி, ஏரியின் நிறம்? மேலே இன்றும் பனியாறு இருந்தால், அது அரைத்த பாறை மாவு நீரில் கலந்து வரும். பெரிய மணல் அடியில் படிந்துவிடும். மாவு போன்ற நுண்துகள் நாள்கணக்கில் மிதக்கும். சிவப்பு ஒளியை நீர் உறிஞ்சிக்கொள்ள, மிச்சமுள்ள நீலத்தையும் பச்சையையும் துகள்கள் சிதறடித்து நம் கண்ணுக்கு அனுப்புகின்றன. அதனால்தான் அந்தப் பால் கலந்த நீலப்பச்சை. மேலே பனியாறு இல்லாத ஏரி தெளிவாக, ஆழத்தில் கருநீலமாக இருக்கும்.

ஓடையின் சத்தத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. தண்ணீர் கல்லில் மோதும் ஓசை அதில் கொஞ்சம்தான். விழும் நீர் காற்றை உள்ளே இழுத்துக் குமிழியாக்க, அந்தக் குமிழிகள் சுருங்கி விரிந்து அதிர்வதே நம் காதில் விழும் சலசலப்பு. 1933இல் மார்செல் மின்னார்ட் என்ற வானியலாளர் இதைக் கணக்கிட்டார். ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழி நொடிக்கு 3,000 முறைக்குமேல் அதிரும். ஒரு சென்டிமீட்டர் ஆரமுள்ளது 300 முறைக்குமேல். சிறு படிகளில் ஓடை கீச்சென்றும், பெரிய மடுவில் விழும்போது கனத்த குரலிலும் பேசுவது இதனால்தான். குழந்தைகளைக் கண்ணை மூடிக் கேட்கச் சொல்லுங்கள், அடுத்து வருவது படியா மடுவா என்று விரைவில் சொல்லிவிடுவார்கள்.

இந்தக் குமிழிகள் நீருக்கு ஆக்சிஜனும் தருகின்றன. குளிர்ந்த நீர் அதைக் கூடுதலாகத் தாங்கும். ஓடையில் ஒரு கல்லை மெல்லத் திருப்பினால், மணல்துகள்களைப் பட்டுநூலால் ஒட்டிக் குழாய்வீடு கட்டிய கேடிஸ் ஈயின் புழு இருக்கக்கூடும். பார்த்துவிட்டுக் கல்லை இருந்தபடியே வைத்துவிடுங்கள், அது அதன் வீடு.

பக்கத்துப் பனிச்சரிவுகளிலிருந்து வந்து சேரும் கிளையோடைகளில் மட்டும் கவனம் வேண்டும். காலை வெயிலில் உருகிய பனி சில மணி நேரம் கழித்தே கீழே வந்து சேரும். காலையில் கல்மேல் கால் வைத்துத் தாண்டிய இடத்தில், மாலையில் அந்தக் கல்லே மூழ்கியிருக்கலாம். ஏரியில் வெயிலால் மேல்மட்டம் சற்றுச் சூடானாலும், கீழே நீர் 4 டிகிரிக்குப் பக்கத்திலேயே இருக்கும். அந்த வெப்பநிலையில்தான் நீருக்கு அடர்த்தி அதிகம், அதனால் அது அடியில் தங்குகிறது. கால்களை நனைக்கலாம், ஆனால் யாரையும் சட்டென்று குதிக்க விடாதீர்கள். திடீர்க் குளிரில் மூச்சு கட்டுப்பாட்டை இழந்துவிடும்.

நேரமிருந்தால் ஏரியின் மறுகரைக்குப் போய்ப் பாருங்கள். மேலிருந்து நீர் வந்து சேரும் இடத்தில் மணலும் வண்டலும் விசிறிபோலப் பரவியிருக்கும். அது ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக ஏரிக்குள் நீள்கிறது. முதலில் சேறு, பிறகு கோரை, பிறகு புல். வழியில் கடந்து வந்த அந்தத் தட்டையான புல்வெளியும் பெரும்பாலும் இப்படித் தூர்ந்துபோன ஒரு பழைய ஏரிதான்.