புரோ நோட்டு பணம் வரலையா? கேஸ் போடறதுக்கு முன்னாடி இத படிங்க

எங்க சித்தப்பா 2022 ஜூன் 10ல ஒருத்தருக்கு ரெண்டு லட்சம் குடுத்து புரோ நோட்டு வாங்கினாரு, மாசாமாசம் வட்டி கையில வந்துட்டே இருந்துச்சு, அதனால நோட்ட பீரோல வச்சு பூட்டிட்டு மறந்துட்டாரு. 2025 ஜூலைல வக்கீல் அத கையில வாங்கினதும் முன்பக்கத்த படிக்கவே இல்ல, நேரா திருப்பி பின்பக்கத்த பாத்தாரு. வெத்துத்தாள். "போச்சுங்க"ன்னாரு.

பின்பக்கத்துல என்ன இருக்கணும்? வரவு. கேட்டதும் தர்றேன்னு எழுதின நோட்டுக்கு, எழுதின தேதிலேர்ந்து மூணு வருஷத்துக்குள்ள கேஸ் போட்டாகணும். அதுக்குள்ள அசல்லயோ வட்டிலயோ கொஞ்சம் வாங்கி, எவ்வளவு, என்னைக்குன்னு பின்னாடி எழுதி, கடன் வாங்கினவர் கையெழுத்து போட்டா அன்னைலேர்ந்து புதுசா மூணு வருஷம். கெடு தாண்டினப்புறம் போடற வரவு செல்லாது. ஜிபே ஸ்கிரீன்ஷாட் இருக்கேன்னு அசால்ட்டா இருக்காதீங்க, கையெழுத்து வாங்கிடுங்க. ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டாத நோட்டும் வீண்தான், அபராதம் கட்டி அப்புறமா சரி பண்ண முடியாது.

சரி, கெடு இருக்கு, ஆளும் இழுத்தடிக்கறாரு. தமிழ்நாட்டுல பண கேஸுக்கு கோர்ட் ஃபீஸ் 3 சதவீதம், ரெண்டு லட்சத்துக்கு ஆறாயிரம், மேல வக்கீல் ஃபீஸ், அப்புறம் வாய்தா வாய்தான்னு அலையணும். அதனால முதல்ல மக்கள் நீதிமன்றம், அதாவது ரெண்டு தரப்பையும் உக்கார வச்சு பேசி முடிக்கற லோக் அதாலத். உங்க தாலுகா கோர்ட் வளாகத்துலயே சட்டப் பணிகள் குழு ஆபீஸ் இருக்கும், அங்க ஒரு மனு எழுதி குடுங்க, ஃபீஸ் கிடையாது, எதிர்பார்ட்டிக்கு அவங்களே நோட்டீஸ் அனுப்புவாங்க. எங்கன்னு தெரியலன்னா 15100க்கு போன் பண்ணுங்க. ஏற்கனவே கோர்ட்ல ஓடற கேஸையும் இங்க அனுப்ப சொல்லி கேக்கலாம், முடிஞ்சா கட்டின கோர்ட் ஃபீஸ் திரும்ப வரும்.

ஒண்ணு மட்டும், இங்க யாரும் தீர்ப்பு சொல்லி திணிக்க மாட்டாங்க, ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாதான் முடியும். ஒத்துக்கலன்னா கேஸ் போடற உரிமை அப்படியே இருக்கு, ஆனா மனு குடுத்தாச்சே, மூணு வருஷ கணக்கு நின்னிருக்கும்னு நினைச்சு உக்காந்துடாதீங்க, அது பாட்டுக்கு ஓடும். சித்தப்பா மாதிரி கெடு தாண்டினவங்களும் போகலாம், எதிராளிக்கு மனசு இருந்தா முடியும், அவருக்கு ஒன்னேகால் லட்சத்துக்கு முடிஞ்சுது.

அங்க எழுதற உத்தரவு கோர்ட் டிக்ரிக்கு, அதாவது கோர்ட் தீர்ப்புக்கு சமம், அப்பீலும் இல்ல. அதனால கையெழுத்து போடறதுக்கு முன்னாடி நிதானமா படிங்க. "தவணையில தர்றேன்"னு மட்டும் எழுத விடாதீங்க, எந்த மாசம், என்ன தேதி, எவ்வளவு, ஒரு தவணை தவறினா மீதி மொத்தமும் உடனே தரணும்னு எழுத சொல்லுங்க. அது இருந்தா, அவர் ஏமாத்தினா புதுசா கேஸ் வேணாம், நேரா நிறைவேற்று மனுதான், அதாவது அந்த உத்தரவுப்படி பணத்த வசூல் பண்ணி குடுங்கன்னு கோர்ட்ல போடற மனு.