சுற்றுப்படத்தில் பூஜ்யம், பலகையில் ஏழு ஓம்

இந்தியாவில் உரிமம் தேவைப்படாத 865–868 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் இயங்கும் மீட்டர்களையும் உணரிகளையும் வடிவமைப்பவர்கள், சிக்னல் எட்டும் தூரம் குறைந்தால் முதலில் ஆன்டெனாவையும் அடுத்து டிரான்சிஸ்டரையும் சந்தேகிக்கிறார்கள். ஆனால் பல சுற்றுப் பலகைகளில் நான் கோளாறைக் கண்டது, சுற்றுப்படத்தில் யாரும் இரண்டாம் முறை பார்க்காத கிரவுண்ட் (பூஜ்ய மின்னழுத்தப் புள்ளி) குறியிலும், டிரான்சிஸ்டருக்கு இயங்கு மின்சாரம் தரும் பயாஸ் கோட்டிலும்தான்.

1.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள பலகையில், 0.3 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு வயா (பலகையின் அடுக்குகளை இணைக்கும் உலோகம் பூசிய துளை), மேலிருந்து அடிப்பக்கக் கிரவுண்ட் வரை செல்லும்போது அதன் மின்தூண்டல் சுமார் 1.3 நானோஹென்றி. 866 மெகாஹெர்ட்ஸில் அது 7 ஓம் மின்மறுப்பு (மாறுமின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு), 2.45 கிகாஹெர்ட்ஸில் 20 ஓம். டிரான்சிஸ்டரின் எமிட்டர் முனை இந்த ஒற்றை வயா வழியாகக் கிரவுண்டைத் தொட்டால், அங்கே எதிர்ப்பின்னூட்டம் (வெளியீட்டின் ஒரு பகுதி உள்ளீட்டை எதிர்த்துத் திரும்புவது) உருவாகிப் பெருக்கம் குறையும். குறை இரைச்சல் பெருக்கிகளில் பொருத்தத்திற்காக வேண்டுமென்றே சிறிது மின்தூண்டலைச் சேர்ப்பதுண்டு; அது கணக்கிட்டுச் சேர்ப்பது, தானாக வந்து சேர்வதல்ல.

மின்தேக்கிக்கும் இதே கதைதான். உள்மின்தூண்டல் 0.5 நானோஹென்றி உள்ள 68 பிக்கோஃபாரட் சிப் மின்தேக்கி ஏறக்குறைய 865 மெகாஹெர்ட்ஸில் ஒத்ததிர்வு கொள்வதால் (அங்கே அதன் மின்மறுப்பு மிகக் குறைவு), இந்தப் பட்டைக்கு அதைத் தேர்ந்தெடுப்பது சரியே. ஆனால் அதன் கிரவுண்ட் முனையில் மேற்சொன்ன வயா ஒன்றை மட்டும் வைத்தால், ஒத்ததிர்வு 455 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்கிவிடும்; நமக்கு வேண்டிய அதிர்வெண்ணில் அது மின்தூண்டியாகவே நடந்துகொள்ளும். மின்தேக்கியின் மதிப்பைப் பற்றி மணிக்கணக்காக விவாதிப்பவர்கள், மின்தேக்கியைப் பற்றவைக்கும் பேடை ஒட்டி இரண்டு மூன்று வயாக்கள் கூடுதலாகப் போட்டாலே பெரும்பகுதி தீர்ந்துவிடும் என்பதைக் கவனிப்பதில்லை.

பயாஸ் கோட்டைப் பொறுத்தவரை, 12 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட், 65 மில்லியாம்பியர் தேவைப்படும் சில்லுக்கு மின்தடை 108 ஓம் என்று கணக்கிடுவதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். அந்தத் தடையில் 0.45 வாட் வெப்பமாகச் செலவாகும் என்பதால் கால் வாட் தடை அங்கே கருகும். தடையை மட்டும் நம்பினால் 50 ஓம் வெளியீட்டின் திறனில் ஒரு பங்கு அதன் வழியே கசியும். தொடரில் 100 நானோஹென்றி சோக் (உயர் அதிர்வெண்ணைத் தடுக்கும் மின்தூண்டி) ஒன்றைச் சேர்த்தால் 866 மெகாஹெர்ட்ஸில் சுமார் 540 ஓம் மின்மறுப்பு கிடைத்து, அந்தக் கசிவு குறைகிறது.

சோக்கால் வரும் தொல்லை வேறு இடத்தில் தலைகாட்டும். டிரான்சிஸ்டரின் பெருக்கம் குறைந்த அதிர்வெண்ணில்தான் மிக அதிகம்; அங்கே சோக், மின்தேக்கிகள், நீண்ட மின்வழங்கிக் கம்பி ஆகியவை சேர்ந்து ஒத்ததிர்வு கொண்டால் பெருக்கியே அலையியற்றியாகி, தானாகவே அலையை உருவாக்கத் தொடங்கிவிடும். ஸ்பெக்ட்ரம் அனலைசரில் (சிக்னலை அதிர்வெண் வாரியாகக் காட்டும் கருவி) முதன்மைக் கோட்டின் இருபுறமும் சில மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் சீப்புப் பற்களைப் போல வரிசையாகக் கோடுகள் தெரிந்தால், பெரும்பாலும் காரணம் இதுவே. பயாஸ் கோட்டில் சில ஓம் தொடர்தடையும், 68 பிக்கோஃபாரட்டை அடுத்து 10 நானோஃபாரட், 1 மைக்ரோஃபாரட் என ஏறுமுகமாக மின்தேக்கிகளும் வைத்தால், பெரும்பாலான பலகைகளில் அது அடங்கும்.

டெப்ளீஷன் வகை (கேட்டில் மின்னழுத்தம் இல்லாதபோதும் கடத்தும்) காலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டர்களில் மின்சாரம் கொடுக்கும் வரிசையும் முக்கியம்: கட்டுப்படுத்தும் முனையான கேட்டிற்கு எதிர் மின்னழுத்தம் கொடுத்த பிறகே, மின்னோட்டம் பாயும் முனையான டிரெய்னுக்கு மின்சாரம், அணைக்கும்போது தலைகீழ். எந்தப் பலகையானாலும் சிக்னல் கொடுக்கும் முன், உள்ளீட்டையும் வெளியீட்டையும் 50 ஓம் தடையை இணைத்து முடித்துவிட்டு, மின்வழங்கியின் மின்னோட்டத்தைப் பார்த்தபடி பெருக்கியின் அருகே விரலைக் கொண்டுசெல்லுங்கள். எண் நகர்ந்தால் பெருக்கி ஏற்கெனவே அலைவுற்றுக்கொண்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.