கையெழுத்து வாங்கியதும் கிளம்பிவிடும் மாணவிகள்

லேபர் வார்டு போஸ்டிங்குக்கு வரும் நர்சிங் மாணவிகள் முதல் நாளே கேட்பது, "மேடம், இன்னைக்கு எத்தனை கேஸ் கிடைக்கும்?" என்பதுதான். பார்த்த பிரசவங்களை எழுதும் கேஸ் புக் நிரம்ப வேண்டும், கையெழுத்து வேண்டும். தலை தெரிகிற நேரத்தில் கட்டிலைச் சுற்றிக் கூட்டம். குழந்தை அழுததும் ஒருத்தியையும் காணோம்.

நாட்டிலேயே முதன்முதலாக பி.எஸ்சி. நர்சிங் தொடங்கிய (1946) ஊர்களில் வேலூரும் ஒன்று. இங்கேயே இந்த நிலை என்பதுதான் உறுத்துகிறது.

பிரசவ வலியின் போக்கையும் குழந்தையின் இதயத்துடிப்பையும் குறிக்கும் தாளான பார்டோகிராஃபையே எடுத்துக்கொள்ளுங்கள். அரைமணிக்கொருமுறை வயிற்றில் கைவைத்து, 10 நிமிடத்தில் எத்தனை வலி வருகிறது, ஒவ்வொன்றும் எத்தனை விநாடி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். 20 விநாடிக்குள் என்றால் கட்டத்தில் புள்ளிகள். 20 முதல் 40 வரை சாய்கோடு. 40-க்கு மேல் கட்டம் முழுக்கக் கறுப்பு. இதைப் பிரசவம் முடிந்தபின் ஒரே மூச்சில் நிரப்புகிறவர்கள் உண்டு. பார்த்தாலே தெரியும். குழந்தையின் இதயத்துடிப்பு 140, 140, 140 என்று வரிசையாக நிற்கும். கடிகாரத்துக்கு வேண்டுமானால் அப்படித் துடிக்கும்!

பிள்ளைகளை மட்டும் திட்டி என்ன பயன்? ரத்தத்தை லேபில் கொடு, ட்ராலியைத் தள்ளு என்று ஓடவிடுவது நாம்தான். "நான் சொன்னா யாரு மேடம் கேட்பாங்க?" என்று ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி.

ஒடுகத்தூர் பக்கத்துப் பெண் ஒருவருக்குச் சுகப்பிரசவம். நஞ்சுக்கொடியும் முழுசாக வந்துவிட்டது. அதே மாணவிதான் கூட இருந்தாள். "பாப்பா, காலெல்லாம் ஈரமா இருக்கு" என்று அந்தம்மா சொன்னதும் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். கல்லுப்போல இறுகியிருக்க வேண்டிய கருப்பை தொளதொளவென்று இருந்தது. கையால் தேய்த்துக்கொண்டே எங்களைக் கூப்பிட்டாள். நாங்கள் மருந்தும் ட்ரிப்பும் போட்டு ரத்தப்போக்கை நிறுத்தினோம்.

பிரசவத்துக்குப் பின் வரும் முதல் 2 மணி நேரம்தான் இப்படி ஏமாற்றும். அதனால் 15 நிமிடத்துக்கொருமுறை நாடி, பி.பி., கருப்பை, ரத்தப்போக்கு நான்கையும் பார்த்து எழுதிய தாள் இருந்தால்தான் இப்போது கேஸ் புக்கில் கையெழுத்துப் போடுகிறேன். "காலேஜ் பஸ் போயிடும் மேடம்" என்றார்கள். சரி, லேபர் வார்டு போஸ்டிங் நாட்களில் மட்டும் பஸ்ஸைத் தாமதமாக எடுக்கக் கல்லூரியிடம் கேட்டிருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை.