எது பாசிட்டிவ்?

"பாசிட்டிவ்னு வந்திருக்கு டாக்டர்" என்று சொன்னவர் உட்காரக்கூட இல்லை. இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். புது வேலைக்காக ரத்தப் பரிசோதனை செய்திருந்தார். முடிவு கைக்கு வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அந்த இரண்டு நாளும் வீட்டில் யாரிடமும் வாய் திறக்கவில்லையாம், தூக்கமும் இல்லையாம்.

தாளை வாங்கிப் பார்த்தேன். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமிக்கான சோதனை. முதல் வரியில் 'ஹெச்பிஎஸ்ஏஜி: நெகட்டிவ்'. அடுத்த வரியில் 'ஆன்டி ஹெச்பிஎஸ்: பாசிட்டிவ்'. முதல் வரி கிருமியைத் தேடுகிறது, கிருமி இல்லை. இரண்டாவது வரி, அந்தக் கிருமியை எதிர்க்கும் எதிர்ப்பொருளைத் தேடுகிறது, அது இருக்கிறது. "தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா?" என்று கேட்டேன். படிக்கும்போது மூன்று தவணையும் போட்டதாகச் சொன்னார். எந்த ஊசியின் பலனைக் கண்டு நிம்மதியடைய வேண்டுமோ, அதைப் பார்த்தே பயந்துபோயிருக்கிறார். இதே சொல் ஒரு வரி மேலே வந்திருந்தால் அவர் உடலில் கிருமி இருப்பதாக ஆகியிருக்கும்.

ஆய்வகத்தில் பல வருடம் வேலை பார்த்த பிறகு எனக்கு ஒன்று உறுதியாகத் தெரிகிறது. நோயை விடவும் இந்த ஒரு சொல் அதிகம் பேரை அலைக்கழிக்கிறது. வெளியே 'பாசிட்டிவா யோசி' என்றால் நல்லதை நினை என்று பொருள். எங்களுக்கோ, தேடிய பொருள் கிடைத்தது என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. கிடைத்தது நல்லதா கெட்டதா என்பது எதைத் தேடினோம் என்பதைப் பொறுத்தது. மின்சாரத்துக்கு 1747இல் அறிவியலாளர் பெஞ்சமின் பிராங்க்ளின் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார். 1840இல் ஆங்கிலேய அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் புகைப்படத்துக்கு எடுத்துக்கொண்டார். அங்கெல்லாம் அது நல்லது கெட்டது எதையும் குறிக்கவில்லை. எங்கள் தாளிலும் அப்படித்தான். கொரோனா காலத்தில் நாளிதழ்கள் 'தொற்று உறுதி' என்று எழுதின. 'நேர்மறை' என்பதைவிட அது எவ்வளவோ தெளிவு.

ரத்த வகையில் வரும் பாசிட்டிவுக்கும் நோய்க்கும் சம்பந்தமே இல்லை. சிவப்பணுவின் மேல் 'டி' என்ற புரதம் இருந்தால் பாசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ். நெகட்டிவ் என்பது ரத்தத்தில் குறை அல்ல. ஆனால் தாய் நெகட்டிவாகவும் வயிற்றில் வளரும் குழந்தை பாசிட்டிவாகவும் இருந்தால் கவனம் வேண்டும். குழந்தையின் ரத்தம் தாயின் ரத்தத்தில் கலந்தால், தாயின் உடல் அதற்கு எதிர்ப்பொருள் உண்டாக்கிவிடலாம்; அடுத்த குழந்தையை அது பாதிக்கும். அதற்காகத்தான் 28ஆம் வாரத்தை ஒட்டியும், பிறந்த குழந்தை பாசிட்டிவ் என்றால் பிரசவமான 72 மணி நேரத்துக்குள்ளும் ஆன்டி-டி ஊசி போடுகிறோம். கருக்கலைந்தாலும் இந்த ஊசி தேவையா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். பலர் அதைக் கேட்பதே இல்லை.

எச்.ஐ.வி. உள்ள தாய்க்குப் பிறந்த குழந்தையின் எதிர்ப்பொருள் சோதனை பாசிட்டிவாக வந்தால் வீடே இடிந்துபோகிறது. பல நேரம் அது தாயின் எதிர்ப்பொருள்தான், குழந்தையின் உடலில் தங்கியிருக்கிறது. ஒன்றரை வயது வரைக்கும்கூட இருக்கலாம். குழந்தைக்குத் தொற்று இருக்கிறதா என்று அறிய, கிருமியையே நேரடியாகத் தேடும் பிசிஆர் போன்ற சோதனை வேண்டும். பெரியவர்களுக்கும் முதல் சோதனையை மட்டும் வைத்து முடிவு சொல்வதில்லை. வேறு சோதனைகளிலும் உறுதியான பிறகே சொல்கிறோம். காசநோய்க்குக் கையில் போடும் தோல் சோதனையும் இப்படித்தான். பாசிட்டிவ் என்றால் கிருமி எப்போதோ உள்ளே நுழைந்திருக்கலாம் என்றுதான் பொருள். காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசியாலும் அப்படி வரலாம். இப்போது நோய் இருக்கிறதா என்று அந்தச் சோதனை மட்டும் சொல்லாது.

இன்னொரு சங்கடம், சோதனையே தவறாகக் கைகாட்டுவது. ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் ஒரு நோயை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நோய் உள்ள யாரையும் தவறவிடாத, நோய் இல்லாத 100 பேரில் ஒருவரை மட்டும் தவறாகப் பிடிக்கும் நல்ல சோதனை ஒன்று இருக்கிறது. 10,000 பேருக்குச் செய்கிறோம். நோய் உள்ள 10 பேரும் பாசிட்டிவ். கூடவே நோயே இல்லாத சுமார் 100 பேரும் பாசிட்டிவ். தாளைக் கையில் வைத்துக்கொண்டு நடுங்கும் 110 பேரில் 100 பேர் நன்றாக இருப்பவர்கள். அறிகுறி எதுவும் இல்லாமல் முழு உடல் பரிசோதனை செய்துகொள்பவர்கள் இந்தக் கணக்கை மனதில் வைத்திருக்க வேண்டும்.

புற்றுநோய் அறிக்கைகளைப் பற்றிப் பேசும்போதுதான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருக்கும். "பாசிட்டிவா ஏதாவது சொல்லுங்க டாக்டர்" என்று ஒரு மகள் கேட்டார். அவர் அம்மாவின் மார்பகக் கட்டி அறிக்கையில் அந்தச் சொல் மூன்று இடத்தில் இருந்தது. நிணநீர் முடிச்சு பாசிட்டிவ்: புற்றணு அங்கே பரவியிருக்கிறது, இது கெட்ட செய்தி. ஈஆர் பாசிட்டிவ்: கட்டி ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைப் பயன்படுத்தி வளர்கிறது. அதனால் டமாக்சிஃபென் போன்ற மாத்திரைகள் வேலை செய்ய வாய்ப்பு அதிகம், இது நல்ல செய்தி. ஹெர்2 பாசிட்டிவ்: ஹெர்2 என்ற புரதம் கட்டியில் மிகுந்திருக்கிறது, வேகமாக வளரும் வகை. ஒரு காலத்தில் இதைச் சொல்லவே நாங்கள் தயங்குவோம். 1998இல் அமெரிக்காவில், ஹெர்2வைக் குறிவைக்கும் டிராஸ்டுஸுமாப் என்ற மருந்துக்கு அனுமதி கிடைத்த பிறகு, அந்தச் சொல்லே அந்த மருந்துக்கு வழிகாட்டியாக மாறியது. வெட்டியெடுத்த கட்டியின் ஓரத்துக்கு மட்டும் 'நெகட்டிவ்' என்று எழுதியிருந்தது. ஓரத்தில் புற்றணு இல்லை என்று பொருள். இவ்வளவையும் ஒவ்வொன்றாக அவருக்குச் சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணி நேரத்தை அவருக்கு முன்பே யாராவது கொடுத்திருக்க வேண்டும்.

அதனால் முடிவைத் தொலைபேசியில் கேட்பவர்களிடம் 'பாசிட்டிவ்' என்ற சொல்லை மட்டும் சொல்லிவிட்டுத் தொடர்பைத் துண்டிக்கக்கூடாது என்று எங்கள் ஆய்வகத்தில் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். நீங்களும் அந்தச் சொல்லோடு விட்டுவிடாதீர்கள். எதைத் தேடினார்கள், கிடைத்தது கிருமியா எதிர்ப்பொருளா, இன்னொரு சோதனையால் உறுதி செய்ய வேண்டுமா என்று கேளுங்கள். உங்கள் மருத்துவரைப் பார்க்கும் முன் இணையத்தில் தேடிக் குழம்ப வேண்டாம்.

ஆன்டி ஹெச்பிஎஸ் வரிக்குக் கீழே இப்போதெல்லாம் நாங்கள் தமிழில் ஒரு வரி சேர்த்துவிடுகிறோம்: 'எதிர்ப்புச் சக்தி உள்ளது'.