மாக்மா முதல் கால்டெரா வரை: எரிமலைச் சொற்களுக்குத் தமிழ்

சிசிலிக்கு வடக்கே, லிப்பாரித் தீவுக்கூட்டத்தில், வுல்கானோ என்றொரு சிறு தீவு இருக்கிறது. உரோமரின் தீக்கடவுள் வுல்கான். கொல்லர்களுக்கும் அவர்தான் தெய்வம். அவருடைய உலைக்களம் அந்தத் தீவுக்கு அடியில் இருப்பதாக அக்காலத்தவர் நம்பினார்கள். மலை புகைந்தால் கடவுள் வேலையில் இறங்கிவிட்டார் என்று அர்த்தம். அந்தத் தீவின் பெயரே இத்தாலிய மொழியில் இவ்வகை மலைகளுக்கெல்லாம் பொதுப்பெயராகி, பிற ஐரோப்பிய மொழிகளுக்கும் போய், 'வால்கேனோ' ஆனது. தீவு இன்னும் அடங்கிவிடவில்லை. அது கடைசியாக வெடித்தது 1888 முதல் 1890 வரை.

தமிழில் எரிமலை. இந்தச் சொல்லைக் குறை சொல்பவர்கள் உண்டு: அங்கே எதுவும் எரிவதில்லை, பாறை உருகித்தானே வருகிறது என்பார்கள். அறிவியல்படி சரிதான். விறகு எரிவதுபோல் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து எரியும் வேலை அங்கே நடப்பதில்லை. ஆனால் 'எரி' என்பது வினை மட்டுமல்ல, தீயைக் குறிக்கும் பழைய பெயர்ச்சொல்லும்கூட. 435ஆம் குறளில் வரும் 'எரிமுன்னர் வைத்தூறு' தீயின் முன் வைத்த வைக்கோற்போர். அப்படிப் படித்தால் எரிமலை 'தீமலை' ஆகிறது. கண்ணுக்குத் தெரிவதைச் சொல்கிற பெயர்.

எனக்கு உறுத்துவது பின்பாதி, 'மலை'. ஐஸ்லாந்தின் லாக்கியில் 1783 ஜூனில் தரை சுமார் 27 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளந்துகொண்டது. எட்டு மாதம் அந்தப் பிளவிலிருந்து உருகிய பாறை வழிந்தது. கூடவே வந்த நச்சு வாயுக்களால் மேய்ச்சல் நிலம் கெட்டு, கால்நடைகள் மடிந்து, பஞ்சத்தில் அந்நாட்டு மக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினர் இறந்துபோனார்கள். வரலாற்றில் பதிவான மிகப் பெரிய குழம்பு வெளியேற்றங்களில் அது ஒன்று. மலை என்று சொல்ல அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. இத்தகைய இடத்தை எரிமலைப் பிளவு என்று எழுதுவதே பொருத்தம்.

தக்காணத்திலும் நடந்தது பிளவு வழியாக வழிந்த கதைதான். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, ஓட்டத்தின்மேல் ஓட்டமாகப் படிந்த பசால்ட் என்ற கருநிற எரிமலைப் பாறை சில இடங்களில் 2 கிலோமீட்டருக்கும் மேல் கனம் கொண்டது. அதற்கு 'டெக்கான் டிராப்' என்று பெயர். இந்த டிராப்பைப் பொறி என்று பெயர்த்தால் கெட்டது கதை. இது படிக்கட்டைக் குறிக்கும் 'டிராப்பா' என்ற ஸ்வீடியச் சொல். கடினமான அடுக்கும் இளகிய அடுக்கும் மாறி மாறித் தேய்ந்து, மலைச்சரிவுகள் படிபடியாகத் தெரிவதால் வந்த பெயர். தக்காணப் படிப்பாறை என்றால் பொருள் தானே வந்துவிடுகிறது.

சரி, உள்ளே இருப்பதற்கு என்ன பெயர்? 'மாக்மா' கிரேக்கச் சொல். பிசைதல் என்ற வினையிலிருந்து வந்தது. பிசைந்த கெட்டியான பூச்சு, களிம்பு என்று பொருள். நிலவியலார் அதை எடுத்துக்கொண்டது 19ஆம் நூற்றாண்டில். தமிழில் பாறைக்குழம்பு, கற்குழம்பு என்கிறோம். இதைவிட நல்ல பெயர்ப்பு அமைவது அபூர்வம். சந்தனக் குழம்பு, செம்பஞ்சுக் குழம்பு என்று பூசுபொருளைச் சொல்லும் அதே 'குழம்பு'தான் இது. கிரேக்கர் சொன்ன களிம்பும் நம்முடைய குழம்பும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நிற்கின்றன.

அறிவியலுக்கும் இதுவே நெருக்கம். நிலத்தடியில் இருப்பது முழுத் திரவம் அல்ல. உருகிய பாறை, அதில் மிதக்கும் படிகங்கள், கரைந்திருக்கும் நீராவியும் கரியமில வாயுவும் எல்லாம் சேர்ந்த கலவை. பல இடங்களில் திரவத்தைவிடப் படிகமே அதிகம். அதனால் 'உருகிய திரவம்' என்று எழுதுவதைக் காட்டிலும் குழம்பு என்பதே துல்லியம்.

அதே குழம்பு தரைக்கு மேலே வந்துவிட்டால் லாவா. இது நேப்பிள்ஸ் பக்கத்துப் பேச்சிலிருந்து வந்த இத்தாலியச் சொல். 1737இல் வெசுவியஸ் வெடித்தபோது பிரான்செஸ்கோ செராவோ எழுதிய விவரணையில் இடம்பெற்று, பிறகு எங்கும் பரவியது. மூலம் குறித்து இரண்டு கருத்து உண்டு: மழையில் தெருவைக் கழுவிக்கொண்டு ஓடும் வெள்ளத்துக்கான சொல் என்கிறது ஒன்று, சரிதல் என்ற லத்தீன் சொல் என்கிறது மற்றொன்று. எப்படியானாலும் ஓட்டம் அதன் உயிர்.

மாக்மா, லாவா என்ற இந்தப் பிரிவு வெறும் இட வேறுபாடு இல்லை. மேலே வரும்போது அழுத்தம் குறைந்து, கரைந்திருந்த வாயு வெளியேறிவிடுகிறது. ஆகவே இரண்டுக்கும் ஒரே தமிழ்ச் சொல்லைப் போடக்கூடாது. உள்ளே பாறைக்குழம்பு, வெளியே எரிமலைக்குழம்பு என்று வைத்துக்கொண்டால் குழப்பமில்லை. லாவா என்றே எழுதினாலும் தவறில்லை, எல்லோருக்கும் புரிகிறது.

எரிமலையின் உருவத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்தக் குழம்பின் பாகுநிலைதான். மணலின் முக்கியப் பொருளான சிலிக்கா அதில் குறைவாக, 50 விழுக்காடு அளவில் இருந்தால் குழம்பு இளகலாக, 1,100 முதல் 1,200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வெகுதூரம் ஓடும். சிலிக்கா 70 விழுக்காட்டை நெருங்கினால் இறுகி, வாயுவை விடாமல் பிடித்து வைத்து, ஒருநாள் வெடிக்கும்.

இளகலான குழம்பு கட்டுவது கேடய எரிமலை. இந்தப் பெயர் ஐஸ்லாந்தின் ஸ்கியால்ட்பிரைதுர் என்ற மலையிலிருந்து வந்தது. பெயருக்கே 'அகன்ற கேடயம்' என்று பொருள். தரையில் மல்லாத்தி வைத்த வட்டக் கேடயத்தின் மேடுதான் அதன் வடிவம். ஹவாயின் மவுனா லோவா கடல்மட்டத்திலிருந்து சுமார் 4,170 மீட்டர் உயரம், ஆனால் சரிவு சில பாகைதான். கேடயம் என்ற பெயர்ப்பில் எந்தச் சிக்கலும் இல்லை, அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த வகைக்குக் கலப்பு எரிமலை, கூட்டு எரிமலை, அடுக்கு எரிமலை என்று பல பெயர்கள் புழங்குகின்றன. என் தேர்வு அடுக்கு. குழம்பு ஒரு படலம், சாம்பலும் கல்லும் ஒரு படலம் என்று மாறி மாறி உயர்வதுதான் இதன் இயல்பு. 'ஸ்ட்ராட்டோ' என்ற லத்தீன் முன்னொட்டும் விரித்த படலத்தைத்தான் சொல்கிறது. கலப்பு என்றால் எதோடு எது கலந்தது என்ற கேள்வி எழும். ஜப்பானின் 3,776 மீட்டர் உயர ஃபூஜி, பிலிப்பைன்ஸின் மயோன், 1980இல் வெடித்துத் தன் உச்சியையே இழந்த செயின்ட் ஹெலன்ஸ் எல்லாம் அடுக்கு எரிமலைகள்.

மூன்றாவது வகையைப் பற்றி ஒரு புகார் இருக்கிறது. 'சிண்டர் கோன்' என்பதைச் சாம்பல் கூம்பு என்று எழுதிவிடுகிறோம். சிண்டர் சாம்பல் அல்ல. காற்றில் வீசப்பட்ட குழம்புத் துளிகள் துளைதுளையாக இறுகி விழுந்த கட்டிகள் அவை. அவற்றுக்கு நிலவியலில் இன்னொரு பெயர் 'ஸ்கோரியா'. உலோகம் உருக்கும்போது ஒதுங்கும் கசடுக்குக் கிரேக்கம் வைத்த பெயர். அந்தக் கசடுக்குத் தமிழில் கிட்டம் என்ற சொல் காலங்காலமாக இருக்கிறது. இரும்புக் கிட்டத்தைப் பார்த்தவருக்கு இந்த எரிமலைக் கல்லைக் கையில் கொடுத்தால் இரண்டையும் பிரித்துச் சொல்வது கஷ்டம். ஆகவே கிட்டக் கூம்பு. மெக்சிகோவின் பரிகுட்டின் இதற்குப் பேர்போன எடுத்துக்காட்டு: 1943 பிப்ரவரி 20 அன்று ஒரு சோளக்கொல்லையில் விரிசலாகத் தொடங்கி, ஓராண்டுக்குள் 300 மீட்டரைத் தாண்டி, 1952இல் ஓய்ந்தபோது 424 மீட்டர் உயரத்தில் நின்றது.

இனி வாய்க்கு வருவோம். 'கிரேட்டர்' என்பது கிரேக்கர் விருந்தில் திராட்சை மதுவையும் தண்ணீரையும் கலக்கிய அகன்ற பாத்திரம். தமிழில் எரிமலை வாய் நன்றாக நிலைத்துவிட்டது. ஆனால் அதே கிரேட்டர் நிலவில் விண்கல் மோதிய குழிக்கும் பெயர். அங்கே வாய் பொருந்தாது, உள்ளிருந்து எதுவும் வெளியே வரவில்லையே. மகாராட்டிரத்தின் லோனார் ஏரி தக்காணப் பசால்ட்டின் நடுவிலேயே இருப்பதால் எரிமலை வாய் என்று ஒருகாலத்தில் நினைத்ததுண்டு. உண்மையில் விண்கல் மோதியதால் உண்டான குழி. அதற்குப் பள்ளம் என்ற சொல்லே சரி.

கால்டெராதான் எனக்குப் பிடித்த சொல். ஸ்பானிய மொழியில் பெரிய கொதிகலம், அதாவது நம் கொப்பரை. கானரித் தீவுகளில் ஒன்றான லா பால்மாவில் கால்டெரா தெ தபுரியந்தே என்று ஒரு மாபெரும் பள்ளம் இருக்கிறது. ஜெர்மானிய நிலவியலாளர் லியோபோல்டு ஃபான் புக் 1815இல் அங்கே போய், 1825இல் வெளியிட்ட நூலில் அந்த உள்ளூர்ப் பெயரை அறிவியலுக்குள் கொண்டுவந்தார். அவர் கணிப்பில் நிலம் கீழிருந்து மேலே புடைத்து எழுந்ததால் உண்டான பள்ளம் அது. இன்று கால்டெரா என்று நாம் சொல்வது இதற்கு நேர் எதிர். அடியிலிருந்த பாறைக்குழம்பு பெருமளவில் வெளியேறி, தாங்க ஆளில்லாமல் மேற்கூரை உள்ளே இடிந்து விழுவதே கால்டெரா. இன்னும் வேடிக்கை, பெயர் கொடுத்த தபுரியந்தே இந்த இரண்டிலும் சேராது. பெரும் நிலச்சரிவும் அரிப்பும் குடைந்த பள்ளம் அது.

இந்தக் குழப்பம் ஏரிகளின் பெயரிலும் தொடர்கிறது. அமெரிக்காவின் ஓரிகனில் மசாமா மலை சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன்பு இடிந்து விழுந்த குழியில் தேங்கிய ஏரி 594 மீட்டர் ஆழம். அது முழுக்க முழுக்கக் கால்டெரா, ஆனால் பெயரோ கிரேட்டர் ஏரி. சுமத்ராவின் தோபா ஏரி ஏறக்குறைய 74,000 ஆண்டுகளுக்கு முந்தைய பெருவெடிப்பின் கால்டெராவில் நிற்கிறது. 100 கிலோமீட்டர் நீளம், 30 கிலோமீட்டர் அகலம். இதையும் 'எரிமலை வாய்' என்றால் அளவு மட்டுமல்ல, உண்டான விதமும் மறைந்துபோகும். எரிமலைக் கொப்பரை என்பது என் பரிந்துரை. வெறுமனே கொப்பரை என்றால் காய்ந்த தேங்காய்ப் பருப்பு நினைவுக்கு வரும், அதனால் முன்னொட்டை விடக்கூடாது.

மேலே வராமலே பாறைக்குழம்பு இறுகினால் உண்டாகும் உருவங்கள் தனிக் குடும்பம். இவற்றில் 'டைக்', 'சில்' இரண்டையும் பலர் செங்குத்துப் பாறை, கிடைப்பாறை என்று பிரிக்கிறார்கள். பார்க்க எளிது, ஆனால் வரையறை அது இல்லை. ஏற்கெனவே உள்ள அடுக்குகளை வெட்டிக்கொண்டு போனால் டைக், அடுக்குகளுக்கு இடையே நுழைந்து படுத்தால் சில். அடுக்கே சாய்ந்திருந்தால் சில்லும் சாய்ந்துதான் இருக்கும். அதனால் ஒன்றைக் குறுக்குச்சுவர்ப் பாறை என்றும் மற்றதை அடுக்கிடைப் பாளம் என்றும் சொல்லலாம். டைக் என்பதற்கு வட பிரிட்டனில் சுவர் என்றே பொருள். நியூ மெக்சிகோவின் ஷிப்ராக் பாறையிலிருந்து கிளைத்துச் செல்லும் டைக்குகள் சமவெளியில் கட்டிய மதில்களாகவே தெரியும். நவஹோ மக்கள் அந்தப் பாறைக்கு வைத்த பெயரின் பொருள் 'இறக்கையுள்ள பாறை'. அந்த மதில்கள்தான் இறக்கை.

சில் வந்த வழி வேறு. வட இங்கிலாந்தின் சுரங்கத் தொழிலாளர்களும் கல்லுடைப்போரும் கிடையாகக் கிடக்கும் எந்தப் பாறைப் படுகையையும் சில் என்றார்கள். அவர்களுடைய 'வின் சில்' உண்மையில் உருகி உள்நுழைந்த பாறை என்று நிலவியலார் பிற்பாடு கண்டுகொண்டபோது, தொழிலாளர் சொல்லே உலகத்துக்கெல்லாம் கலைச்சொல் ஆகிவிட்டது. உரோமர்கள் ஹேட்ரியன் சுவரின் ஒரு பகுதியைக் கட்டியது அந்தப் பாளத்தின் விளிம்பின்மேல்தான்.

லாக்கோலித்தில் சொல்மூலம் நம்மை ஏமாற்றும். 'லாக்கோஸ்' என்றால் தொட்டி, 'லித்தோஸ்' என்றால் கல். யூட்டாவின் ஹென்றி மலைகளை ஆராய்ந்து 1877இல் அறிக்கை எழுதிய க்ரோவ் கார்ல் கில்பர்ட் வைத்த பெயர் இது. குழம்பு தேங்கிய இடம் என்ற கருத்தில் வைத்திருக்கிறார். உருவமோ அடி தட்டை, மேல் புடைத்த குவிமாடம். தொட்டிக்கல் என்று பெயர்த்தால் வாசகர் குழிவாகத்தான் கற்பனை செய்வார். குழிவானது லோபோலித், தட்டு வடிவம். ஆக, முன்னது குவிமாடப் பாறை, பின்னது தட்டுப்பாறை. வேர்ச்சொல்லை விட்டுவிட்டுப் பொருளைப் பெயர்க்க வேண்டிய இடம் இது.

ஃபாக்கோலித்தில் நிலைமை தலைகீழ். கிரேக்க 'ஃபாக்கோஸ்' மைசூர்ப் பருப்பு. லத்தீனில் அதே பருப்புக்கு 'லென்ஸ்', கண்ணாடி லென்ஸுக்கும் பெயர் அங்கிருந்து வந்ததே. நாம் லென்ஸை வில்லை என்கிறோம், ஆகவே வில்லைப்பாறை. மடிந்த அடுக்குகளின் முகட்டிலோ பள்ளத்திலோ தேங்கி இறுகிய பாறைக்கு இது கச்சிதம்.

பாத்தோலித் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆழம் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது, தமிழில் ஆழ்பெரும்பாறை. தரையில் வெளிப்பட்ட பரப்பு 100 சதுர கிலோமீட்டருக்கு மேல் இருந்தால்தான் இந்தப் பெயர். கலிபோர்னியாவின் சியரா நெவாடா கருங்கல் முழுதும் இப்படி ஆழத்தில் ஆறியது. இதையெல்லாம் 'எரிமலைப் பாறை' என்று எழுதுவதைப் பார்க்கிறேன்; அந்தக் கருங்கல் எந்த வாய் வழியாகவும் வெளியே வந்ததில்லை. பொதுப்பெயர் தேவைப்படும் இடத்தில் தீப்பாறை என்பதே போதும்.

எல்லாவற்றையும் பெயர்க்கத்தான் வேண்டுமா? ஹவாய் மக்களின் இரண்டு சொற்களைத் தொடாமல் விடலாம் என்பது என் எண்ணம். வழவழப்பாக, முறுக்கிய கயிறுபோல் மடிந்து இறுகும் லாவா பாஹொய்ஹொய். கரடுமுரடாக, காலைக் கிழிக்கும் கட்டிகளாக உடைந்து இறுகுவது அஆ. ஆமாம், நம் நெடுங்கணக்கின் முதல் இரண்டு எழுத்துகளேதான். குறிலும் நெடிலும்கூட ஹவாய் உச்சரிப்போடு ஒத்துப்போகின்றன. வேறு எந்தக் கலைச்சொல்லும் தமிழெழுத்தில் இவ்வளவு சுலபமாக உட்காராது. ஒரே ஓட்டம் பாஹொய்ஹொய்யாகத் தொடங்கி, ஆறி, வாயுவை இழந்து, கீழே போகப்போக அஆவாக மாறுவதுண்டு. முதல்முறை வரும்போது மட்டும் கயிற்று லாவா, முரட்டு லாவா என்று பக்கத்தில் ஒரு விளக்கம் கொடுத்துவிட்டால் போதும்.